ஒரே ரைடை ஊர் ஊராகக் கட்டினால் யார் பயணம் வருவார்கள்?

கேள்வி: தேவகோட்டை வாசகர் ஒருவர், ஜனவரி 8, 2026

வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவை டிசம்பரில் சென்னையிலும் திறந்துவிட்டார்கள். கொச்சி, பெங்களூர், ஹைதராபாத், புவனேஸ்வரம் என்று ஏற்கெனவே நாலு இருக்கின்றன. பக்கத்திலேயே எல்லாம் கிடைத்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொச்சிக்கு எதற்குப் போக வேண்டும்? டிஸ்னியும் யுனிவர்சலும் உலகம் முழுக்க இதைத்தான் செய்கின்றன. ஓர் ஊரில் ஓடிய ரைடை அப்படியே இன்னோர் ஊரில் வைத்துவிடுகிறார்கள். நம் செட்டிநாட்டு வீட்டைக்கூடச் சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். நகல் வந்தால் மூலத்துக்குக் கூட்டம் குறையும் என்பது என் கட்சி. இல்லை என்பவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 8, இரவு

நான் இல்லை என்கிறேன். செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் இருந்துகொண்டு பத்து வருடமாக வெளிநாட்டுப் பயணிகளுக்கு வழிகாட்டி வேலை பார்க்கிறேன். அதற்கு முன்பு சிங்கப்பூரில் ஏழு வருடம். கூட்டம் எதனால் வருகிறது, எதனால் வராமல் போகிறது என்று யோசிப்பதுதான் என் பிழைப்பு.

முதலில் பழைய கதை ஒன்று. கலிஃபோர்னியாவின் அனஹைமில் 1955இல் டிஸ்னிலேண்ட் திறந்தது. பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன் என்ற படகு ரைடு அங்கே 1967இல் வந்தது. 1971இல் ஃபுளோரிடாவில் அடுத்த பூங்காவைத் திறந்தபோது அந்த ரைடை வைக்கவில்லை. கரீபியன் கடல் பக்கத்திலேயே இருக்கிறது, கடற்கொள்ளையர் கதை அந்த ஊர்க்காரர்களுக்குப் புதிதாக இருக்காது என்று நினைத்தார்கள். வந்தவர்கள் சும்மா விடவில்லை. கொள்ளையர் ரைடு எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1973இல் கட்டிக் கொடுக்க வேண்டியதாயிற்று. நகல் இல்லாததுதான் அங்கே குறையாகப் பட்டது.

இவ்வளவு தூரம் போவானேன், நம் வீட்டிலேயே இருக்கிறது. வடபழனி கோயில் எழுந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. பழனியில் கூட்டம் குறைந்ததா? அரியக்குடியைத் தென் திருப்பதி என்கிறோம். அதற்காக அரியக்குடிக்காரர்கள் மலையேறாமல் இருக்கிறார்களா?

ஜனவரி 9

காலையில் எழுந்து படித்தால் நேற்று கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன் என்று தெரிகிறது. கோயிலும் ரைடும் ஒன்றல்ல. அதைப் பிறகு பார்க்கலாம். முதலில் நானே கண்ணால் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சிங்கப்பூரில் இருந்த கடைசி வருடம், சம்பளத்தில் மிச்சம் பிடித்து மனைவியையும் மகளையும் வரவழைத்து செந்தோசா தீவில் யுனிவர்சல் ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனேன். மகளுக்கு ஏழு வயது. அங்கே டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைடில் மூன்று தடவை ஏறினாள். முன்னும் பின்னும் ஆடும் வண்டி, முப்பரிமாணக் கண்ணாடி, எதிரே கட்டடம் உயரத் திரை. ஊருக்குத் திரும்பி ஆறு மாதம் வரை பள்ளிக்கூடத்தில் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூன்று வருடம் கழித்து, லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கும் மச்சினன் எங்களையும் மாமியாரையும் கூப்பிட்டான். ஹாலிவுட் யுனிவர்சலுக்குப் போனோம். அங்கேயும் அதே ரைடு. வரிசையில் நிற்கும்போதே மகளுக்குத் தெரிந்துவிட்டது. “அப்பா, இது நான் பார்த்ததுதான்” என்றாள். முகம் வாடிப்போனதைக் கண்டு எனக்குப் பகீரென்றது. பதினேழு மணி நேரம் விமானத்தில் வந்தது இதற்குத்தானா என்று மனசுக்குள் ஓடியது.

ஆனால் வண்டியில் ஏறிய பிறகு நடந்தது வேறு. பக்கத்தில் என் மாமியார். ஊரில் ராட்டினத்தில்கூட ஏறாதவர். கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் அவர் காதோடு, “அம்மாச்சி, இப்போ வண்டி பின்னாடி போகும். பயப்படாதே. இப்போ ஒருத்தன் கையை ஓங்குவான். கடைசியா உயரத்துலேர்ந்து விழும், கெட்டியாப் பிடிச்சுக்க, ஆனா அடிபடாது” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். விழும் இடத்தில் மாமியார் “முருகா” என்று கத்தினார். வெளியே வந்து இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அன்று இரவு, என்ன பிடித்தது என்று மகளிடம் கேட்டேன். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்று அவள் சொல்லவில்லை. டிராம் வண்டியில் ஏற்றி, நிஜமாகவே படம் எடுக்கும் தெருக்களுக்குள் கூட்டிப்போனார்களே, அதுதான் என்றாள். 1964 முதல் நடக்கும் சுற்று அது. வேலை நடக்கும் படப்பிடிப்புத் தளம் ஹாலிவுட்டில்தான் இருக்கிறது. அதைச் செந்தோசாவில் கொண்டுபோய் வைக்க முடியாது.

ஆகவே வாசகர் சொன்னதில் பாதி உண்மை என்று ஒப்புக்கொள்கிறேன். பார்த்ததையே திரும்பப் பார்க்கிறவனுக்கு ஏமாற்றம் உண்டு. ஆனால் உலகத்தில் பெரும்பாலானவர்கள் இரண்டையும் பார்க்கிறவர்கள் அல்ல. என் மாமியாருக்கு அது நகலே இல்லை.

ஜனவரி 10

ஒரு திருத்தம். அமெரிக்காவில் கட்டியதைச் சிங்கப்பூரில் நகலெடுத்தார்கள் என்று இரண்டு பேர் பதில் எழுதியிருக்கிறார்கள். தலைகீழ். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் முதலில் வந்தது சிங்கப்பூரில், 2011 டிசம்பரில். ஹாலிவுட்டுக்கு 2012இல், ஃபுளோரிடாவுக்கு 2013இல் போனது. அந்த ரைடைப் பொறுத்தவரை செந்தோசாதான் மூத்தது. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கிறது. அந்தத் தீவில் வியர்வை சிந்தியவன் நான்.

ஜனவரி 13

பூங்காக்களுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று கணக்கு கேட்டிருந்தார்கள். பூங்கா நிறுவனங்கள் எல்லா எண்ணையும் வெளியே சொல்வதில்லை. துறையினர் ஆண்டுதோறும் வெளியிடும் மதிப்பீட்டைத்தான் எல்லோரும் எடுத்தாள்கிறார்கள். நானும் அதையே வைத்துப் பேசுகிறேன்.

ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில், யுனிவர்சலின் பூங்கா ஒன்றில், ஹாரி பாட்டர் உலகத்தை 2010 ஜூனில் திறந்தார்கள். அந்தப் பூங்காவுக்கு 2009இல் 46 லட்சம் பேர் வந்திருந்தார்கள். 2010இல் 59 லட்சம், 2011இல் 76 லட்சம். அப்புறம் 2014 ஜூலையில் அதே கோட்டை, அதே கிராமம் ஜப்பானின் ஒசாகாவில் இருக்கும் யுனிவர்சலில் வந்தது. 2013இல் ஒரு கோடியைச் சற்றே தாண்டியிருந்த ஒசாகா, 2015இல் 1 கோடி 39 லட்சத்துக்குப் போனது. ஒசாகாவுக்கு வந்த அந்தக் கூட்டம் ஆர்லாண்டோவிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்ததல்ல. ஜப்பானியரும் அண்டை நாட்டவரும் தங்கள் பக்கத்தில் இருப்பதைப் பார்க்க வந்தார்கள். நடுவில் ஒரு பெருங்கடல் கிடக்கிறது.

கடல் இல்லாத இடத்தில் என்ன ஆகும்? அதற்கும் உதாரணம் உண்டு. 2019இல் டிஸ்னி, ஸ்டார் வார்ஸுக்கென்று ஒரு பெரிய நிலப்பரப்பையே கட்டியது. மே 31இல் கலிஃபோர்னியாவில் திறந்தார்கள். மூன்று மாதத்தில், ஆகஸ்ட் 29இல், கிட்டத்தட்ட அச்சு அசலாக அதையே ஃபுளோரிடாவில் திறந்தார்கள். அந்தக் கோடையில் அமெரிக்கப் பூங்காக்களில் வருகை குறைந்தது என்று நிறுவனமே சொன்னது. கூட்டத்துக்குப் பயந்து பலர் ஒதுங்கினார்கள், ஆண்டுச் சீட்டுக்காரர்களைப் பல நாள் உள்ளே விடவில்லை, விலையும் ஏறியிருந்தது. காரணம் பல. ஆனால் ஒரே நாட்டுக்குள் மூன்று மாதத்தில் பக்கத்துக் கிளையிலும் வந்துவிடும் என்று தெரிந்தால், விமான டிக்கெட் போட்டு யார் ஓடுவார்கள்? இது என் ஊகம். ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அனஹைமில் டிஸ்னிலேண்டுக்குப் பக்கத்திலேயே 2001இல் ஒரு இரண்டாம் பூங்கா திறந்தார்கள். கூட்டம் வரவில்லை. ஃபுளோரிடாவில் 1994 முதல் வெற்றிகரமாக ஓடிக்கொண்டிருந்த லிஃப்ட் கோபுர ரைடைக் கொண்டுவந்து 2004இல் நிறுத்தினார்கள். ரைடு நன்றாகத்தான் இருந்தது, பூங்காவின் தலையெழுத்து மாறவில்லை. 2012இல் வேறு எங்குமே இல்லாத ஒன்றைக் கட்டினார்கள். ‘கார்ஸ்’ படத்தில் வரும் கார்களின் ஊர், செம்மண் மலை, பாலைவனத்துச் சாலை. கூட்டம் பிய்த்துக்கொண்டு வந்தது. அந்தக் கோபுரத்தைக் கடைசியில் 2017இல் வேறு ரைடாக மாற்றிவிட்டார்கள்.

தோக்கியோ டிஸ்னிக்காரர்கள் அதே கோபுரத்தை எடுத்தபோது கதையையே மாற்றிக்கொண்டார்கள். அவர்களுடைய டிஸ்னிசீ என்ற கடல் பூங்கா 2001இல் திறந்தது. உலகம் முழுக்கப் பூங்கா சுற்றுகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று சொல்வது அதைத்தான். வேறெங்கும் இல்லாதவை அங்கே அவ்வளவு. ஹாங்காங் டிஸ்னிலேண்ட் 2005இல் சின்னதாக, நகல்களோடு ஆரம்பித்தது. பார்க்க ஒன்றுமில்லை என்று பேச்சு வாங்கியது. பிறகு 2013இல் மிஸ்டிக் மேனர் என்று தனக்கென்று ஒன்று கட்டிக்கொண்டது. மற்ற ஊர்களில் அது பேய் வீடு. ஹாங்காங்கில் பேயே கிடையாது, மந்திரப் பெட்டியும் குரங்கும்தான். சீனர்கள் முன்னோரைக் கும்பிடுகிறவர்கள், செத்தவர்களை வைத்து விளையாட்டுக் காட்டுவது ஒட்டாது என்று யோசித்துச் செய்தது அது.

நீளமாகிவிட்டது. பொங்கல் வேலை கிடக்கிறது.

ஜனவரி 17

பொங்கல் நல்லபடி முடிந்தது. கேள்வி கேட்டவர், “கடலைக் காட்டித் தப்பித்துக்கொண்டீர்கள், நம்மூருக்கு வாருங்கள்” என்று எழுதியிருக்கிறார். நியாயம். வருகிறேன்.

ஜனவரி 19

நேற்று ஒரு பிரெஞ்சுத் தம்பதி. தஞ்சாவூரில் இரண்டு இரவு, இங்கே ஓர் இரவு, மதுரையில் இரண்டு இரவு. எங்கள் பக்கம் வருகிற முக்கால்வாசிப் பேருக்கு இதுதான் பயணத் திட்டம். ஓர் இரவு. அதிலும் மத்தியானம் வந்து மறுநாள் காலைப் பலகாரம் முடித்துக் கிளம்பிவிடுவார்கள்.

வழக்கமாக நான் மூன்று வீடு காட்டுவேன். கானாடுகாத்தானில் ஒன்று, ஆத்தங்குடியில் பெரிய வீடு, காரைக்குடியில் ஆயிரம் ஜன்னல் வீட்டை வெளியிலிருந்து. முதல் வீட்டில் வாயைத் திறந்தபடி நின்றார்கள். முகப்பு, திண்ணை, பட்டாலை, நடு முற்றமான வளவு, இரண்டாம் கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக, வாசலில் நின்றால் பின் வாசல் வரை ஒரே நேர்க்கோடு. பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவர். தொட்டுப் பார்த்தார்கள், குளிர்ச்சியாக இருக்கிறது என்றார்கள். இரண்டாவது வீட்டில் படம் எடுத்தார்கள். மூன்றாவது வீட்டுக்கு நாளைக் காலையில் போகலாம் என்றதும் அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்: “இதுவும் அதே மாதிரிதானா?”

இரவு முழுக்க அந்தக் கேள்வி தூங்கவிடவில்லை. சென்னையில் நகல் இருப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். எங்கள் ஊர்களையே நாங்கள் ஒன்றுக்கொன்று கிளை மாதிரி ஆக்கிக்கொண்டிருக்கிறோமே! பழைய கணக்கில் 96 ஊர், இன்றைக்கு எழுபத்துச் சொச்சம். 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் போனதும் தனி வீடாக அல்ல, ஊர்த் தொகுதியாகத்தான். ஊர்கள் சேர்ந்துதான் செட்டிநாடு. ஆனால் பயணிக்கு நாங்கள் காட்டுவது எல்லா ஊரிலும் ஒன்றேதான். ஒரு வீடு, தரையில் பதிக்கும் தட்டுக்கல் செய்யும் ஒரு பட்டறை, ஒரு கண்டாங்கிச் சேலைத் தறி, ஒரு சமையல் வகுப்பு, மாட்டு வண்டியில் ஒரு சுற்று. விடுதிகளும் அப்படியே. ஒருவர் முற்றத்தில் உருளியில் பூ மிதக்கவிட்டால் மறு மாதம் எல்லா முற்றத்திலும் உருளி வந்துவிடுகிறது.

அப்புறம் எப்படி இரண்டாம் இரவு தங்குவார்கள்?

ஊருக்கு ஊர் வேறுபாடு இல்லாமலா இருக்கிறது? நகரத்தார் எனப்படும் எங்கள் பக்கத்துச் செட்டியார்களின் ஒன்பது கோயில்கள் ஒன்பது விதம். பிள்ளையார்பட்டியில் குடைவரை, வைரவன்பட்டியில் கல்லில் கொட்டிக் கிடக்கும் சிற்பம். மழைத் தண்ணீர் கூரையிலிருந்து வளவுக்கு வந்து, தெரு வாய்க்கால் வழியாக ஊருணிக்கு எப்படிப் போகிறது என்று நடந்தே காட்டலாம். ஒரு வீடு போதும். மீதி நேரத்துக்கு வீடல்லாத எத்தனையோ இருக்கிறது.

இன்று காலை அந்தத் தம்பதியை மூன்றாவது வீட்டுக்குக் கூட்டிப்போகவில்லை. ஊருணிப் படிக்கட்டில் உட்கார வைத்தேன். ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

ஜனவரி 22

தட்டுக்கல் பற்றி ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். ஆத்தங்குடிக்காரர். பெரிய ஆலைகள் ஆத்தங்குடிப் பூவை அச்சடித்து, பளபளப்பான ஓடாக விற்கின்றன, “நகலால் கேடில்லை என்று எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வீர்களா” என்கிறார்.

சொல்ல மாட்டேன். அவர் பட்டறைக்குப் பலமுறை பயணிகளைக் கூட்டிப்போனவன் நான். கண்ணாடித் தகட்டின்மேல் உலோக அச்சை வைத்து, அறை அறையாக வண்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்றுவார்கள். மஞ்சள் ஓர் அறைக்கு, சிவப்பு அடுத்ததுக்கு, பச்சை ஓரத்துக்கு. அச்சைச் சட்டென்று தூக்கும்போது வண்ணங்கள் ஒன்றை ஒன்று தொட்டும் தொடாமலும் நிற்கும். மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பிறகு ஈரக் கலவை போட்டு மட்டம் தட்டுவார்கள். காய்ந்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறி வெளியே வரும்போது கண்ணாடி தானாகக் கழன்றுகொள்ளும். அடியில் இருக்கும் முகம் கண்ணாடி போலவே பளபளக்கும். சூளை கிடையாது. ஒரு கல்லின் இதழ் கொஞ்சம் தடித்திருக்கும், அடுத்ததில் மெலிந்திருக்கும். கை நடுங்கிய இடம் கல்லில் தெரியும்.

ஆகவே என் கட்சியைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்கிறேன். இடத்தின் நகல் வேறு, பொருளின் நகல் வேறு. ரைடின் நகலைப் பார்த்தவன் மூலத்தைத் தேடி ஒரு நாள் வரலாம். அச்சடித்த ஓட்டை வீட்டில் பதித்துவிட்டவன் ஆத்தங்குடிக் கல்லை இனி வாங்கப் போவதில்லை. அவனுக்குத் தரை ஒன்றுதான். இங்கே நகல் நேராகச் சோற்றில் கை வைக்கிறது. எட்டாம் தேதி நான் எழுதியதில் இந்த வேறுபாடு இல்லை. அவர் சுட்டியது சரி.

ஜனவரி 28

கோயில் விஷயத்தைப் பிறகு பார்க்கலாம் என்றேன். இந்த வாரம் அதற்கு ஏற்ற வாரம். பூசத்துக்கு நான்கு நாள்தான் இருக்கிறது. நகரத்தார் காவடி பழனிக்கு நடந்துகொண்டிருக்கிறது. நானூறு ஆண்டு வழக்கம் என்பார்கள். எங்கள் தெரு ஆச்சி ஒருவர், எழுபது வயது, இந்த வருடமும் குன்றக்குடியிலிருந்து நடக்கிறார். பாதத்தில் கொப்புளம் வந்து துணி சுற்றிக்கொண்டு நடப்பதாக அவர் பேரன் போனில் சொன்னான்.

குன்றக்குடியிலேயே முருகன் இருக்கிறார். மலையும் இருக்கிறது, மயிலும் இருக்கிறது. போன வருடம் அந்த ஆச்சியிடமே கேட்டேன், பக்கத்தில் இருப்பவரைக் கும்பிட்டால் போதாதா என்று. “போற வழிதானப்பா சாமி” என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

செட்டியார்கள் கடல் கடந்து போன இடமெல்லாம் தண்டாயுதபாணியைக் கொண்டுபோனார்கள். சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் 1859இல் கட்டினார்கள். பினாங்கிலும் இருக்கிறார். கிளை கிளையாகப் பரப்பியவர்கள் இந்த ஊர்க்காரர்கள்தான். நான் சிங்கப்பூரில் இருந்தபோது வெள்ளிக்கிழமை தவறாமல் டேங்க் ரோட்டுக்குப் போவேன். அங்கே விபூதி வாங்கும்போதெல்லாம் குன்றக்குடிப் படிக்கட்டுதான் கண்ணில் வரும். ஊருக்குப் போக வேண்டும் என்று தோன்றும். அந்தக் கோயில் என்னை ஏழு வருடம் தாங்கிப் பிடித்தது. ஊருக்குத் திரும்பிய முதல் வாரத்தில் நேரே குன்றக்குடி ஏறினேன்.

நல்ல நகல் செய்கிற வேலை இதுதான் என்று நினைக்கிறேன். மூலத்தை மறக்கவிடாது.

பிப்ரவரி 3

சென்னை வீட்டைப் பற்றி இரண்டு பேர் என்னைத் திருத்தியிருக்கிறார்கள். முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா அருங்காட்சியகம் 1996இல் திறந்தது. அங்கே இருக்கும் செட்டிநாட்டு வீட்டை இத்தனை நாள் நானும் நகல் என்ற கணக்கிலேயே வைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். அது நகல் அல்ல. இங்கே இருந்த வீட்டுப் பாகங்களைப் பிரித்துக் கொண்டுபோய் மறுபடி நிறுத்தியது. இடிபட இருந்தவற்றைக் காப்பாற்றிய வேலை. என் பயணிகளில் சிலர் அங்கே பார்த்துவிட்டு, இந்த மாதிரி வீடுகள் நிற்கும் தெருவைப் பார்க்க வேண்டும் என்றுதான் இங்கே வந்தார்கள். அந்த அருங்காட்சியகத்தாருக்கு நான் கடன்பட்டவன்.

ஆனால் இந்தத் திருத்தம் என்னை வேறு ஒரு இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. பூங்காக்காரர்கள் ஒசாகாவில் ஒரு கோட்டை கட்டினால் ஆர்லாண்டோவில் இருப்பது அங்கேயே நிற்கும். இங்கே அப்படி இல்லை. இங்கே பெயர்க்கிறார்கள். பெயர்த்த இடம் காலி.

பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வீடு. ஊரையும் பேரையும் சொல்லவில்லை. முப்பதுக்கு மேல் பங்காளிகள். பாதிப் பேர் வெளிநாட்டில். வருடத்துக்கு ஒரு தடவை முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்குக் கூடுவார்கள், அவ்வளவுதான். மழையில் இரண்டாம் கட்டுக் கூரை இறங்கிவிட்டது. பழுது பார்க்க எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், போடவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு பயணிகளோடு போனபோது வளவில் தூண்கள் இல்லை. தூண் நின்ற கல் பீடங்கள் மட்டும் வரிசையாக இருந்தன. மேலே உத்தரத்துக்கு மூங்கில் முட்டுக் கொடுத்திருந்தார்கள். ஒரு பீடத்தின் நடுவில் குழி. அதில் மழைத் தண்ணீர் தேங்கி, ஓர் அரச இலை மிதந்தது. கூட வந்தவர்கள் படம் எடுக்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தத் தூண்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகள் வழியாகப் போயிருக்கலாம், நேரே லாரியிலும் போயிருக்கலாம். எங்கோ ஒரு விடுதியின் வரவேற்பறையில் “செட்டிநாட்டு அழகு” என்று நின்றுகொண்டிருக்கும். அந்த விடுதிக்குப் போகிறவர் செட்டிநாட்டைப் பார்த்துவிட்டேன் என்பார். தவறில்லை, பார்த்தது அசல்தான். ஆனால் இங்கே வருகிறவருக்குக் காட்ட எனக்குப் பீடம்தான் மிச்சம்.

ஆகவே தேவகோட்டை வாசகருக்கு: நகல் எடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். எவ்வளவு வேண்டுமானாலும் எடுங்கள். மூலத்தைக் கழற்றாதீர்கள்.

பிப்ரவரி 4

சாப்பாடு பற்றி ஒருவர் கேட்டார். “செட்டிநாடு” என்று பலகை போட்ட கடைகள் நாடு முழுக்க இருக்கின்றன, அதனால் நன்மையா தீமையா என்று. பெயர் பரவியது நன்மை. ஆனால் சிவப்பு எண்ணெய் மிதக்கும் கோழிக்குழம்பை எதிர்பார்த்து வருகிறார்கள். வீட்டில் ஆச்சி வைப்பதில் கல்பாசியும் மராட்டி மொக்கும் வாசம் தரும், காரம் தூக்கலாக இருக்காது. முதல் கவளத்தில் சிலர் முகம் சுருங்கும். அரிசி களைந்த தண்ணீரில் காய் வேகவைத்த மண்டியும் வெள்ளைப் பணியாரமும் வந்ததும் மலர்ந்துவிடும். கவுனி அரிசிக்கு இரண்டாவது கிண்ணம் கேட்காதவரை நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 11

ஒரு செய்தி. எங்கள் தெரு ஆச்சி பழனியிலிருந்து திரும்பிவிட்டார், கால் தேறிவிட்டது. அவர் வீட்டு வளவிலும் பன்னிரண்டு தேக்குத் தூண்கள். தூண் தலைப்பான போதிகையில் கிளியும் யாளியும். போன மாதமே ஒரு தரகர் வந்து விலை பேசியிருக்கிறார். சென்னைக்கு அந்தப் பக்கம் கட்டும் ஒரு விடுதிக்காம். ஆச்சியின் இளைய மகனுக்குச் சம்மதம், மூத்தவருக்கு இல்லை.

இந்த இழையில் எழுதியதை எல்லாம் அச்சுப் போட்டு ஆச்சியிடம் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். டிஸ்னி, ஒசாகா எல்லாம் வந்தபோது “அது கெடக்கட்டும்” என்றார். தூண் இல்லாத வீட்டைப் பற்றி வந்தபோது, “அது யாரு வீடுன்னு எனக்குத் தெரியும்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அதே மாதிரி புதுசா செஞ்சு குடுக்க ஆளு இருக்கா?” என்று கேட்டார்.

இருக்கிறார்கள். எங்கள் பக்கத்து ஆசாரி ஒருவரோடு விடுதிக்காரரைப் போனில் பேச வைத்தேன். புதுத் தேக்கில் பன்னிரண்டு தூண், அதே கிளி, அதே யாளி. பழையதைவிட விலை கூடுதல் என்று முதலில் இழுத்தார். பங்காளிகள் கையெழுத்து, வழக்கு, லாரிச் செலவு எல்லாம் இதில் இல்லை என்றதும் யோசிக்கிறேன் என்றிருக்கிறார்.

இன்று காலை ஆசாரி வந்தார். கிளியின்மேல் காகிதத்தை வைத்துக் கரிக்கட்டியால் தேய்த்துப் பதிவு எடுத்தார். மூக்கின் வளைவு தெளிவாக விழுந்தது. அடித்தண்டின் சுற்றளவை நூலால் அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டார். ஆச்சி நாற்காலியைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து, எந்தக் கிளிக்கு இறகு உடைந்திருக்கிறது, எது அவர் கல்யாணத்தன்று பந்தல் கட்டும்போது உடைந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். உடைந்ததையும் அப்படியே செதுக்கவா என்று ஆசாரி கேட்டதற்கு, “வேணாம், அது இங்கேயே இருக்கட்டும்” என்றார்.

விடுதிக்காரர் இன்னும் முடிவு சொல்லவில்லை. திங்கட்கிழமை ஆசாரி மறுபடி வருகிறார், யாளியை அளக்க.